நல்லா இருக்கு, நோரீன்

பியர் பீப்பாய் மாற்றுவதற்காக சோர்கா நிலவறைக்குள் இறங்கியதும், நோரீன் டூஹி கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு மகளின் கைபேசியை எடுத்தாள். எடுத்த விதம் திருடுகிறவளுடையது என்று அவளுக்கே உறைத்தது. வாசலுக்கு மேலே தகப்பன் பெயர் பொன்னெழுத்தில் நிற்கும் இந்த மதுக்கடை வீட்டில், அவள் இதுவரை எதையும் ஒளித்து எடுத்தவள் அல்ல. ஒளிக்கும்படியாக எதுவும் இருந்ததும் இல்லை.

காலையில் தபால் நிலையத்தில் நடந்ததுதான் அவளை இதற்குத் தள்ளியது. தபால்தலையைக் கிழித்துக் கொடுத்த பெக் ஹெஹர், சில்லறையைத் தருவதற்குப் பதிலாக அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "அதுல எழுதறதையெல்லாம் மனசுல வச்சுக்காத நோரீன். வெளியூர்க்காரங்களுக்கு என்ன தெரியும்?" இரண்டு கைகளாலும் பிடிக்கிற வழக்கம் அந்த ஊரில் ஓரிடத்தில்தான் உண்டு. மூடாத சவப்பெட்டியின் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களிடம், துக்கத்துக்கு வருந்துகிறேன் என்று முணுமுணுத்தபடி நகரும்போது அப்படிப் பிடிப்பார்கள். நோரீன் கையை உருவிக்கொண்டாள். "எதுல எழுதறது?" என்று கேட்டாள். பெக்கின் கழுத்து சிவந்தது. "ஒண்ணுமில்ல. மழை வரும் போல இருக்கு" என்றாள். அங்கே எந்த நாள்தான் மழை வரும் போல இல்லை.

சாப்பிட்டுப் போகிறவர்கள் கைபேசியில் நட்சத்திரம் போட்டு எழுதுகிறார்கள் என்பது நோரீனுக்குத் தெரியும். அதை அவள் மதித்ததில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் மேசையில் வைத்தே சொல்லிவிட வேண்டும், வயிறு நிறைய உண்டுவிட்டுத் தெருமுனையில் நின்று கதைக்கிறவர்களின் பிழைப்பு அது என்பாள். ஆனால் மேசையில் வைத்து யாரும் சொன்னதே கிடையாது என்பதும் உண்மை. தட்டில் கரித்துண்டை வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அதுதான் அந்தச் சீமையின் மரியாதை. அவளே எனிஸ் நகரத்துக் கல்யாணம் ஒன்றில், உள்ளே ரத்தம் கசிந்த கோழியை முழுதாக உண்டு, நல்லா இருக்கு என்று சொல்லி, இன்னொரு துண்டும் வாங்கி உண்டு, இரண்டு நாள் படுத்துக்கிடந்தவள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினாள். முதலில் வந்தவை குளிர்ச்சியாக இருந்தன. இந்தக் கடற்கரையிலேயே இதைப் போல மீன் சூப் கிடையாது என்றது ஒன்று. பழுப்பு ரொட்டிக்காகவே திரும்பி வருவோம், கறுப்பு பியர் பால் மாதிரி இறங்கியது, கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எழ மனம் வராது என்றன மற்றவை. கழிப்பறையில் கை விறைத்துப்போனது என்று ஒருவன் எழுதியிருந்தான். உண்மைதான், விறைக்கும். உருளைக்கிழங்கு மேல் இன்னும் கொஞ்சம் வெண்ணெய் வைத்திருக்கலாம் என்று ஒரு பெண். அவள் எந்த வீட்டில் வளர்ந்தாளோ. நோரீன் நிமிர்ந்து நின்று, விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள்.

பிறகு வந்தது இது. "சாப்பாடு அருமை, ஆனால் நாங்கள் கேட்ட சாப்பாடு அல்ல. நான் ஆட்டிறைச்சி ஸ்டியூ கேட்டேன், மீன் வந்தது. என் மனைவிக்கு முதலில் இனிப்பு வந்தது, பிறகு சூப். பரிமாறிய அம்மாள் அவ்வளவு நிச்சயமாக வைத்தார்கள், வாய் திறக்க மனம் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் குனிந்து, 'தயவுபண்ணிச் சாப்பிட்டுருங்க, அவங்க மனசு கஷ்டப்படும்' என்றார்."

அவள் அதை மறுபடியும் படித்தாள். கீழே இன்னொன்று இருந்தது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று பரிமாறுகிறவர் திரும்பத் திரும்ப வந்து கேட்டாராம், ஒவ்வொரு முறையும் முதல்முறை போல மகிழ்ந்தாராம். அதற்கும் கீழே: "மகனுக்கு இறால் ஒத்துக்காது என்று தெளிவாகச் சொன்னோம். இறால் தட்டு அவனுக்கு முன்னாலேயே வந்தது. நல்லவேளை பார்த்துவிட்டோம். இனிமையான பெண்மணி. யாராவது அவரைக் கவனித்துக்கொள்ளக் கூடாதா?"

ஒவ்வொன்றின் கீழும் கடையின் பெயரில் ஒரு பதில் இருந்தது. டூஹி என்று அவள் தகப்பனின் பெயரைப் போட்டு, மகள் எழுதியிருந்தாள். "மன்னிக்க வேண்டும். அவர் என் அம்மா. அடுத்த முறை தட்டு மாறினால் சமையலறைச் சன்னலுக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொல்லுங்கள், நான் சரிசெய்கிறேன். அவரிடம் சொல்லாமல் இருந்ததற்கு ரொம்ப நன்றி."

நிலவறைப் படியில் காலடி கேட்டது. நோரீன் கைபேசியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் துணியை எடுத்தாள்.

"என்னம்மா, முகம் வெளுத்திருக்கு?"

"நீ நிலவறைக் கதவ திறந்து போட்டுட்டுப் போனா குளிராதா?"

சோர்கா கதவைச் சாத்தினாள். பிறகு தாயைப் பார்த்தாள், கைபேசியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைத்தான் நோரீன் இப்போது முதன்முதலாகக் கவனித்தாள். இந்தப் பெண் எப்போது கேள்வி கேட்பதை விட்டாள்? பாத்திரம் உடைந்தால், உப்பு கூடினால் நாள் முழுக்க வாய்ச்சண்டை போட்டவள் அல்லவா?

எதிர்ச்சாரி மக்கினர்னி கடைக்காரர்களின் வேலையாக இருக்கும் என்று அன்று மாலை வரை நினைத்துப் பார்த்தாள். அவர்கள் ஒரு சூப்பையே சுயமாக ஆக்கத் தெரியாதவர்கள், இப்படிக் கதை கட்டுவதற்கு மூளைக்கு எங்கே போவார்கள்? மறுநாள் காலைப் பூசையில் பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போது, தன்னைத் தானே சோதித்தாள். முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை, எந்தப் பெஞ்சில் எந்தக் குடும்பம், அவர்களில் செத்தவர்கள் யார், ஆஸ்திரேலியா போனவர்கள் யார், யார் யாருடன் எந்த வேலிக்காகப் பேசுவதில்லை. எல்லாம் இருந்தது. ஒரு கண்ணி அறுபடவில்லை. மூச்சு சீரானது. அந்தத் தைரியத்தில், நேற்று மதியம் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டுக்கொண்டாள். மேசை தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. அதற்கு முந்தின நாள்? அங்கேயும் நாற்காலி மட்டும்தான். எல்லோரும் முழங்காலிட்டபோது அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் கோட்டு நுனியை மெல்லக் கீழே இழுத்தது. அந்தக் கையும் பழகிய கையாகவே இருந்தது.

டூஹி வீட்டில் யார் என்ன சாப்பாடு கேட்டார்கள் என்று யாரும் காகிதத்தில் எழுதிக்கொள்வதில்லை. அது அந்த ஊரே சொல்லும் பெருமை. அவள் தகப்பன் கூடத்தின் நடுவில் நின்று, இரண்டு பக்கத்து மேசைகளையும் ஒருசேரக் கேட்டுக்கொண்டு, ஒரு கல்யாணக் கூட்டத்தின் சாப்பாட்டையும் தலையில் வைத்துச் சமையலறைச் சன்னலில் கொண்டுபோய் இறக்குவார். பேனா கேட்கிறவன் காது கேளாதவன் என்பார். நோரீனும் அப்படித்தான் செய்தாள். பதினாறு வயதிலிருந்து இந்தக் கூடத்தை அவள் தலையில் சுமந்தாள். விதவையான வாரத்திலும் ஒரு தட்டு மாறவில்லை. மாறவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது அந்த எல்லோரும்தான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தார்கள்.

வியாழக்கிழமை மாட்டுச் சந்தை. சந்தை முடிந்து கிறிஸ்டி லில்லிஸ் வந்து சன்னலோர மேசையில் உட்காருவான். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதன். பன்றிக்கறியும் முட்டைகோசும்தான் சாப்பிடுவான். மீனைத் தொடமாட்டான். அவன் தம்பியைக் கடல் கொண்டுபோய் ஒன்பது நாள் கழித்துத் திருப்பித் தந்தது. அதற்குப் பிறகு அவன் மீன் தொட்டதில்லை. மீன் வண்டி நின்றால் தெருவைக் கடந்து மறுபக்கம் நடப்பான். இதை அந்த ஊரில் அறியாதவர் இல்லை. ஊரைச் சோதித்துப் பார்க்க நோரீன் அவனைத்தான் தேர்ந்தெடுத்தாள். பாவம் என்று தெரிந்தும் தேர்ந்தெடுத்தாள். வேறு எவனும் பொய் சொல்லிவிடக்கூடும். கிறிஸ்டி மீனை வைத்துப் பொய் சொல்ல முடியாது.

"என்ன நோரீன், இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்றபடி தொப்பியைக் கழற்றினான் கிறிஸ்டி.

"உன் கல்யாணத்துக்கு நான்தான் சாப்பாடு போடணும்னு நேந்துகிட்டேன். அது வரைக்கும் போகமாட்டேன்."

"அப்படின்னா உனக்குச் சாவே இல்ல." பக்கத்து மேசையில் செய்தித்தாளுடன் இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற கான்சிடைன் டீச்சர் சிரித்தார். "என்ன, வழக்கம்போலத்தான். பன்றிக்கறியும் முட்டைகோசும். கடுகு நிறைய வை" என்றான் கிறிஸ்டி.

"பன்றிக்கறி, முட்டைகோசு, கடுகு" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அட்சரம் பிசகாமல் சொன்னாள். சமையலறைச் சன்னலுக்குப் போனாள். உள்ளே சோர்கா அடுப்புக்கு முன்னால் வியர்த்திருந்தாள்.

"கிறிஸ்டிக்கு வறுத்த மீன்" என்றாள் நோரீன்.

சோர்காவின் கை ஒரு கணம் நின்றது. நோரீன் காத்திருந்தாள். சொல், என்று மனதுக்குள் மன்றாடினாள். உனக்கு என்ன பைத்தியமா அம்மா, கிறிஸ்டிக்கா மீன், என்று கத்து. முன்னெல்லாம் கத்துவாயே.

"சரிம்மா" என்றாள் சோர்கா. எண்ணெயில் மீனை இறக்கினாள்.

தட்டு சூடாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நோரீன் கூடத்தைக் கடந்தாள். கிறிஸ்டிக்கு முன்னால் வைத்தாள். எலுமிச்சைத் துண்டோடு, மொறுமொறுவென்று, அழகான மீன். கிறிஸ்டி அதைப் பார்த்தான். பார்வை தட்டிலிருந்து நகர்ந்து கான்சிடைன் டீச்சரிடம் போய்த் திரும்பியது. உடனே டீச்சர் செய்தித்தாளை மடக்கி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நம் பையன்கள் விளையாடிய லட்சணத்தைப் பார்த்தாயா நோரீன் என்று உரத்த குரலில் தொடங்கினார். கல்லாப் பலகையோரம் நின்ற இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவர் குருடன் என்றான் ஒருவன். நடுவருக்கு நம்ம கிறிஸ்டியோட கன்னுக்குட்டி எவ்வளவோ மேல் என்றான் மற்றவன். கூடம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பின் மறைவில் கிறிஸ்டி முள்கரண்டியை எடுத்தான்.

அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. பூசையில் எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று சபைக்குத் தெரிந்திருப்பதைப் போல ஒவ்வொருவருக்கும் தன் இடம் தெரிந்திருந்தது. ஒரு நாளில் இப்படிப் பழகிவிட முடியாது.

"நல்லா இருக்கா கிறிஸ்டி?"

"நல்லா இருக்கு, நோரீன்."

அவன் மென்றான். விழுங்கினான். இன்னொரு துண்டு வெட்டினான். அவள் எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மீன் சாப்பிட மாட்டியே."

"இப்ப சாப்பிடறேனே."

"எப்பலேருந்து?"

கிறிஸ்டி கரண்டியைத் தட்டின் விளிம்பில் சாய்த்தான். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. விற்கிற மாட்டுக்கு வயது கேட்டால்கூட ஒரு வருஷம் குறைத்துச் சொல்லத் தெரியாதவன். "போன குளிர்காலத்துலேருந்து" என்றான். கொஞ்சம் பொறுத்து, "முதல்லதான் கஷ்டமா இருந்துது. அப்புறம் பழகிடுச்சு நோரீன். நல்ல மீனுதான்" என்றான்.

இப்போது வசந்தமும் கழிந்து, சன்னலுக்கு வெளியே வேலிகள் பூத்திருந்தன.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கதவு திறந்தது. வெளியூர்க் குடும்பம். கார்க் பக்கத்து ஆட்டக்காரர்களின் சிவப்புச் சட்டை போட்ட ஒரு மனிதன், மழைக்கோட்டில் அவன் மனைவி, முன்பல் விழுந்த ஒரு சிறுமி. கூடத்தின் நடுமேசையில் உட்கார்ந்தார்கள். கால்கள் பழக்கத்தில் நோரீனைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் நிறுத்தின.

"ஆட்டிறைச்சி ஸ்டியூ எனக்கு" என்றான் அவன். "மழையில நனைஞ்ச நாய் மாதிரி இருக்கேன், நிறையப் போடுங்கம்மா."

"எனக்கு மீன் சூப்" என்றாள் மனைவி. "அதுல சிப்பி, இறால் எல்லாம் இருக்குமில்ல? நல்லது. ஆனா இவளுக்கு மட்டும் அதெல்லாம் ஆகவே ஆகாது. ஓடு இருக்கற எதுவும் ஆகாது. தொண்டை வீங்கிடும். போன தடவை ஆம்புலன்ஸ் வந்தப்ப உதடெல்லாம் நீலமாயிடுச்சு. இவளுக்கு சாசேஜும் உருளைக்கிழங்கு வறுவலும். வேற சட்டில, வேற எண்ணெயில. சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்லிடறேன்" என்றாள் நோரீன். "நீங்க கவலையே படாதீங்க."

திரும்பி நடந்தாள். ஸ்டியூ, சூப், சாசேஜ். ஸ்டியூ, சூப், சாசேஜ். உதட்டைக்கூட அசைக்காமல் சொல்லிக்கொண்டு நடந்தாள். ஸ்டியூ அவனுக்கு, சூப் அவளுக்கு. கிறிஸ்டியின் மேசையைத் தாண்டினாள். தட்டில் முள் மட்டும் மீந்திருந்தது. போன குளிர்காலத்திலிருந்து. அவன் தம்பியின் பெயர் டீக்லன். சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டீக்லனுக்குப் பத்தொன்பது வயது. ஸ்டியூ, சூப். மூன்றாவது ஒன்று. அவள் நின்றாள். ஒரு சூப் உண்டு. தொண்டை வீங்கும் ஒரு ஆள் உண்டு. இரண்டும் ஒரே மேசை. எது எங்கே என்று தேடினால் மேசை தெரிந்தது, நாற்காலிகள் தெரிந்தன.

சன்னலுக்குள் சோர்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது, நகர முடியாது. கல்லாப் பலகையோரம் பேச்சு நின்றுவிட்டது. கிறிஸ்டி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, தற்செயலாக எழுகிறவன் போல, கணப்பைக் கிளறப் போகிறவன் போல, அந்த நடுமேசைப் பக்கம் ஒரு அடி வைத்தான். இப்படித்தான் போலிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் இப்படி எழுந்துபோய், குனிந்து, வெளியூர்க்காரர்களின் காதில், அவங்க மனசு கஷ்டப்படும் என்று சொல்கிறார். நாளைக்கு இவர்கள் வீட்டுக்குப் போய், இனிமையான பெண்மணி என்று எழுதுவார்கள். அல்லது, ஒருநாள் கிறிஸ்டி சந்தையில் நேரமாகி வராத நாளில், யாரும் எழாத நாளில், எழுத எவருக்கும் மனமில்லாத ஒன்று நடக்கும்.

"உட்காரு கிறிஸ்டி" என்றாள் நோரீன்.

அவள் குரல் அவ்வளவு உரத்து வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்டி உட்கார்ந்தான். அவள் திரும்பி நடுமேசைக்கு வந்தாள். வாடிக்கைக்காரர் மேசையில் டூஹி வீட்டார் உட்காருவதில்லை. அவள் தகப்பன் நெஞ்சுவலி வந்தபோதுகூட நின்றுகொண்டுதான் இருந்தார். நோரீன் நான்காவது நாற்காலியை இழுத்து, சிறுமிக்கு நேராக உட்கார்ந்தாள். பெற்றோர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு மறந்துபோச்சு கண்ணு" என்றாள். "யாருக்கு என்னன்னு மறந்துபோச்சு. இன்னொரு தடவை சொல்றியா?"

தாய் ஏதோ சொல்ல முன்னால் சாய்ந்தாள். ஆனால் சிறுமி முந்திக்கொண்டாள்.

"உங்க கையக் குடுங்க" என்றாள். "எங்க ஸ்கூல்ல டேனியல்னு ஒருத்தன் இருக்கான், அவனுக்கு ஒண்ணுமே நிக்காது. விரல்ல வச்சு மடக்கினா நிக்கும்னு டீச்சர் சொன்னாங்க. அவனுக்குக் கொஞ்சம் நிக்குது."

நோரீன் கையை நீட்டினாள். சோப்பிலும் சுடுநீரிலும் ஊறிச் சிவந்த கை. சிறுமி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி அழுத்தினாள். "இது நான். சாசேஜ், வறுவல். வேற சட்டி, வேற எண்ணெய்." அதன்மேல் சுட்டுவிரலை மடக்கினாள். "இது அம்மா. மீன் சூப்." நடுவிரலை மடக்கினாள். "இது அப்பா. ஸ்டியூ. அப்பாவுக்கு எது வந்தாலும் சாப்பிடுவார், அதனால பரவால்ல." யாரும் சிரிக்கவில்லை. மீதி இரண்டு விரலையும் சேர்த்து மூடிவிட்டு, "திறக்காம கொண்டுபோங்க" என்றாள்.

நோரீன் எழுந்தாள். முதுகை நிமிர்த்தினாள். மூடிய கையை மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள், கூட்டிலிருந்து விழுந்த குருவிக்குஞ்சை எடுத்துச் செல்கிறவளைப் போல, இறுக்கினால் செத்துவிடும், தளர்த்தினால் விழுந்துவிடும் என்று. ஊர்க்காரர்கள் யாரையும் அவள் பார்க்கவில்லை. அவர்கள் எல்லோரும் அவள் கையைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. அந்தக் கூடம் இத்தனை நீளம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

சன்னலில் சோர்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அவள் கண்கள் நனைந்திருந்தன, நீராவியாகவும் இருக்கலாம்.

"சொல்லும்மா."

நோரீன் மூடிய கையைச் சன்னல் பலகைமேல் வைத்தாள். மற்ற கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மிக மெதுவாக, மற்ற விரல்கள் அசையாமல், உள்ளங்கைக்குள்ளிருந்து கட்டைவிரலை மட்டும் வெளியே எடுத்தாள். எல்லோர் முன்னாலும் அது தனியாக நின்றது.

"இது அந்தக் குழந்தை" என்றாள். "வேற சட்டி, வேற எண்ணெய்."